விளையாட்டரங்கின் அருகே ஒரு விடுதி: ஆட்டம் இல்லாத இரவுகளின் கணக்கு

நவி மும்பை நெருலில் உள்ள டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் பெரிய நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம், அதைத் தொடர்ந்த சில வாரங்களில் வங்கிக் கிளைகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பல ஆண்டுகளாகத் தொழில் நடத்தி, கையில் ஓரளவு சேமிப்பும் சொந்த வீடும் உடைய வாடிக்கையாளர், "ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் எடுத்து நடத்தினால் எப்படி? கடன் கிடைக்குமா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது. 2025 ஜனவரி 18, 19, 21 ஆகிய நாள்களில் கோல்ட்ப்ளே இசைக்குழு அங்கே பாடியது. அதற்கான நுழைவுச்சீட்டுகள் 2024 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோதே சுற்றுவட்டார விடுதிகளின் அறை வாடகை பன்மடங்கு உயர்ந்ததை நாளிதழ்கள் எழுதின. அதைப் படித்தவர்களுக்கு ஆசை எழுவது இயல்பே.

அந்த ஆசையைக் கணக்கின்மேல் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டரங்கை ஒட்டிய விடுதியின் வருங்காலத்தை எவ்வாறு மதிப்பிடுவது, வங்கி எதைப் பார்க்கும், வாடிக்கையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்பவற்றை நெருலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

திருவிழாக் கடையும் சன்னதிக் கடையும்

கோயில் வாசலில் இரண்டு வகைக் கடைகளைக் காண்கிறோம். ஒன்று, தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் மட்டும் போடப்படும் கடை. மற்றொன்று, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பூக்கடை. திருவிழா அன்று இரண்டிலும் கூட்டம் அலைமோதும். ஆனால் திருவிழாக் கடைக்காரருக்கு வாடகை இல்லை. மறுநாள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். சன்னதிப் பூக்கடைக்காரர் அப்படிப் போக முடியாது. அவருடைய வாடகையைக் கொடுப்பது திருவிழாக் கூட்டமன்று. செவ்வாய், வெள்ளிகளில் தவறாமல் வரும் பத்து வீட்டார்தாம்.

விளையாட்டரங்கின் அருகிலுள்ள விடுதி பார்வைக்குத் திருவிழாக் கடைபோலத் தோன்றும். ஆனால் அதன் செலவுகள் அனைத்தும் சன்னதிக் கடையின் செலவுகள். இந்த ஒரு வேறுபாட்டை மறந்தவர்களே இத்தொழிலில் சிரமப்படுகிறார்கள்.

அரங்கின் கதை சொல்லும் பாடம்

டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கம் 2008-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 1 அன்று முதலாவது ஐ.பி.எல். இறுதி ஆட்டம் இங்கே நடந்தது. சென்னை அணி ராஜஸ்தானிடம் தோற்ற ஆட்டம் அது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது, மும்பை சிட்டி அணி இதையே தன் சொந்த மைதானமாகக் கொண்டது. அன்று நெருலில் விடுதி தொடங்க எண்ணிய ஒருவர், "இனி ஆண்டுதோறும் கால்பந்து உண்டு" என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2016 முதல் மும்பை சிட்டி அணி அந்தேரியில் உள்ள மும்பை கால்பந்து அரங்கிற்குப் போய்விட்டது. நெருலோடு ஒப்பிடும்போது அது மிகச் சிறிய அரங்கம். எனினும் எந்த அரங்கில் ஆடுவது என்பது அணி நிர்வாகத்தின் முடிவு. அதில் பக்கத்து விடுதிக்காரருக்குச் சொல் உரிமை இல்லை.

அடுத்து 2020–21 பருவத்தைப் பாருங்கள். மும்பை சிட்டி அணி லீக் சுற்றில் முதலிடம் பெற்று, 2021 மார்ச் 13 அன்று இறுதி ஆட்டத்திலும் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அணியின் வரலாற்றில் பொன்னான ஆண்டு. ஆனால் கொரோனா காரணமாக அப்பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில், பார்வையாளர் இன்றி நடந்தன. அணிக்கு வெற்றி, மும்பையில் அந்த லீக்கின் ஓர் ஆட்டம்கூட இல்லை. ஓர் அணியின் வெற்றியும் அதன் அரங்கை ஒட்டிய விடுதியின் வருமானமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2023 நவம்பர் 6 அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்திற்காகச் சவுதி அரேபியாவின் அல்-ஹிலால் அணி நெருலுக்கு வந்தது. அவ்வணியில் பிரேசிலின் நெய்மர் இருந்ததால், ஆட்டம் முடிவானபோது நாடெங்கும் எதிர்பார்ப்பு எழுந்தது. அக்டோபரில் பிரேசிலுக்காக ஆடும்போது அவருக்கு முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. ஆட்டம் நடந்தது, நெய்மர் வரவில்லை.

இடமாற்றம் சில வேளைகளில் நன்மையாகவும் அமைவதுண்டு. 2025 மகளிர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் பெங்களூருவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆட்டங்கள், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஆகஸ்டில் நெருலுக்கு மாற்றப்பட்டன. நவம்பர் 2 அன்று இந்திய மகளிர் கோப்பை வென்ற இறுதி ஆட்டமும் இங்கேதான் நடந்தது. நெருல் விடுதிகளுக்குக் கிடைத்த அந்த வருமானம், பெங்களூரு விடுதிகளின் ஏட்டிலிருந்து கழிந்த வருமானம். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையில், கவுகாத்தியில் நடக்கவிருந்த பிரேசில்–இங்கிலாந்து அரையிறுதி, மழையால் ஆடுகளம் கெட்டதனால் இரண்டே நாள்களுக்கு முன் கொல்கத்தாவிற்கு மாற்றப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கே ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் பருவம் அவ்வாண்டு டிசம்பர் வரை தொடங்கவில்லை. லீக் முழுமையாக நடக்கும் ஆண்டிலும் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் கிடைக்கும் ஆட்டங்கள் மிகக் குறைவு. 2024–25 பருவத்தில் 13 அணிகள் ஆடின. ஆகவே லீக் சுற்றில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்களே சொந்த ஊரில் அமைந்தன. ஓர் ஆண்டில் 12 இரவுகள், மீதம் 353.

யார் தங்குகிறார்கள்?

45,000 பேர் திரளும் அரங்கம் என்றால் 40 அறைகள் நிரம்பாமல் போகுமா என்ற கேள்வி எழும். நிரம்பும். ஆனால் அறையின் எண்ணிக்கைக்கு மேல் விற்க முடியாது என்பதையும் உடனே நினைக்க வேண்டும். வந்தவர் 45,000 ஆனாலும் 4,000 ஆனாலும் நமக்கு விற்பனை 40 அறைகளே.

மேலும், கூட்டத்தில் எவ்வளவு பேர் இரவு தங்குவார்கள் என்பது நிகழ்ச்சியைப் பொறுத்தது. லீக் கால்பந்தாட்டத்திற்கு வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் ரசிகர்கள். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் ஏறினால் மான்குர்டு, வாஷி, சான்பாடா, ஜுயிநகர் கடந்து நெருல் வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் அதே ரயிலில் வீடு திரும்புவார்கள். கோல்ட்ப்ளே நிகழ்ச்சிக்கே கோரேகாவிலிருந்து நெருலுக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ரயில் வசதி பெருகப் பெருக அரங்கிற்கு வருவோர் கூடுவர். ஆனால் இரவு தங்கவேண்டிய தேவை குறையும்.

தங்குபவர்கள் வேறு வகையினர்: எதிரணியினர், நடுவர்கள், தொலைக்காட்சி ஒளிபரப்புக் குழுவினர், வெளியூர் ரசிகர்கள். இவர்களுள் அணிகளும் அலுவலர்களும் பெரிய நட்சத்திர விடுதிகளுக்குச் செல்வார்கள். நடுத்தர விடுதிக்குக் கிடைப்பவர்கள் ஒளிபரப்புத் தொழில்நுட்பப் பணியாளர்களும் வெளியூர் ரசிகர்களும். வெளியூர்க் கூட்டத்தைப் பெருமளவில் இழுப்பவை உலகக் கோப்பை, ஐ.பி.எல்., பெரிய இசை நிகழ்ச்சி ஆகியவையே. ஆகவே "ஸ்டேடியத்தில் எத்தனை நிகழ்ச்சிகள்?" என்று கேட்பதைவிட "வெளியூரார் தங்கும் நிகழ்ச்சிகள் எத்தனை?" என்று கேட்பதே சரியான கேள்வி.

நாற்பது அறைகளின் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். பின்வருவது பாடத்திற்காக அமைத்த கற்பனைக் கணக்கு. எந்த ஒரு விடுதியின் உண்மைக் கணக்கும் அன்று.

நம் விடுதியில் 40 அறைகள். வரி நீங்கலாகச் சாதாரண நாள் வாடகை ₹4,000. பெரிய நிகழ்ச்சி நாளில் ₹7,000. ஆண்டில் 25 இரவுகள் பெரிய நிகழ்ச்சிகள் உண்டு என்றும், அந்த இரவுகளில் எல்லா அறைகளும் நிரம்பும் என்றும் கொள்வோம். இது தாராளமான மதிப்பீடே. மற்ற 340 இரவுகளில் சராசரியாக 18 அறைகள், அதாவது நூற்றுக்கு 45 பங்கு நிரம்புகின்றன.

நிகழ்ச்சி இரவுகளின் வருமானம்: 25 × 40 × 7,000 = ₹70 லட்சம்.
சாதாரண இரவுகளின் வருமானம்: 340 × 18 × 4,000 = ₹244.80 லட்சம்.
மொத்தம்: ₹314.80 லட்சம்.

செலவில் இரண்டு வகை உண்டு. ஊதியம், மின்சாரத்தின் குறைந்தபட்சக் கட்டணம், சொத்து வரி, பராமரிப்பு முதலியன அறை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வந்தே தீரும். இவை நிலையான செலவுகள். இவற்றை ஆண்டிற்கு ₹140 லட்சம் என்போம். சலவை, சோப்பு, காலைச் சிற்றுண்டி, முன்பதிவுத் தளங்களின் தரகு போன்றவை விற்ற அறைக்கு மட்டும் ஆகும் மாறும் செலவுகள். அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு ₹900 என்று கொள்வோம். ஆண்டில் விற்பவை 7,120 அறை-இரவுகள்; செலவு ₹64.08 லட்சம்.

இவ்விரண்டையும் கழித்தால், வருமான வரிக்கு முன் கையில் மிஞ்சுவது சுமார் ₹110.7 லட்சம்.

இவ்விடுதிக்காக ₹5 கோடி காலவரைக் கடன், 10 ஆண்டுத் தவணையில், 10.5 சதவீத வட்டியில் பெறப்பட்டதாகக் கொண்டால், அசலும் வட்டியும் சேர்ந்து ஆண்டிற்குச் சுமார் ₹81 லட்சம் கட்ட வேண்டும். மிஞ்சும் தொகையைத் தவணைத் தொகையால் வகுத்தால் 1.37 வரும். வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்று சொல்லும் விகிதம் இதுதான். ஒரு ரூபாய் தவணைக்கு ₹1.37 கையில் இருக்கிறது என்பது இதன் பொருள். கடன் மனு நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். அந்த ஆண்டு பெரிய நிகழ்ச்சி எதுவும் நெருலுக்கு வரவில்லை. 365 இரவுகளும் சாதாரண இரவுகள். 18 அறைகள் மட்டும் விற்கின்றன. வருமானம் ₹262.8 லட்சம். செலவுகள் போக மிஞ்சுவது சுமார் ₹63.7 லட்சம். கட்டவேண்டியதோ ₹81 லட்சம். விகிதம் 0.79. விடுதியை நடத்திக்கொண்டே கடன் தவறும் நிலை.

மூன்றாவதாக மற்றொரு விடுதியைப் பார்ப்போம். இதற்கும் நிகழ்ச்சி வருமானம் ஒரு பைசா இல்லை. ஆனால் நாள்தோறும் சராசரியாக 22 அறைகள் விற்கின்றன. விற்ற ஒவ்வோர் அறையும் மாறும் செலவு போக ₹3,100 தருகிறது. 22 × 365 × 3,100 = ₹248.9 லட்சம். நிலையான செலவு ₹140 லட்சம் போக மிஞ்சுவது சுமார் ₹108.9 லட்சம். விகிதம் 1.34.

இதை முன்னதோடு ஒப்பிடுங்கள். விளையாட்டரங்கின் 25 பெரிய இரவுகளையும் நம்பி நிற்கும் 18 அறை விடுதிக்கு மிஞ்சுவது ₹110.7 லட்சம். அரங்கமே இல்லாத ஊரில் 22 அறை விற்கும் விடுதிக்கு மிஞ்சுவது ₹108.9 லட்சம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நாம் கொண்ட எண்களின்படி, அரங்கத்தின் முழு மதிப்பும் நாளொன்றுக்கு நான்கு அறைகள்தாம்.

எண்கள் இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் போக்கு மாறாது. நான்கு அறைகளுக்கு நிலையான வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள முடிந்தவருக்கு அரங்கம் ஒரு கூடுதல் வரவு. தேடிக்கொள்ள முடியாதவருக்கு அதுவே ஒற்றைத் தூண். அதன்மேல் வீடு கட்டுவது ஆபத்து.

மழைக்காலமும் 90 நாள்களும்

ஆண்டுக் கணக்கு மறைத்துவிடும் இன்னொன்றும் உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. திறந்தவெளி அரங்கில் அம்மாதங்களில் பெரிய நிகழ்ச்சி நடப்பது அரிது. நிகழ்ச்சி வருமானம் பெரும்பாலும் அக்டோபருக்கும் மே மாதத்துக்கும் இடையே வந்து சேரும். ஆனால் வங்கித் தவணை மாதந்தோறும் வரும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், விதிமுறைப்படி அது வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும். மழைக்காலமோ நான்கு மாதங்கள்.

ஆகவே நிகழ்ச்சி இரவுகளில் வரும் கூடுதல் வருமானத்தை அன்றாடச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைப்பது நன்று. குறைந்தது மூன்று மாதத் தவணை, நம் எடுத்துக்காட்டில் சுமார் ₹20 லட்சம், மே மாத முடிவில் அக்கணக்கில் இருக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வெள்ளமாய் வரும் வருமானத்தையும் அளந்துதான் செலவிட வேண்டும்.

₹7,500 என்னும் எல்லைக்கோடு

நிகழ்ச்சி நாளில் வாடகையை எவ்வளவு உயர்த்தலாம்? சந்தை தாங்கும் அளவிற்கு என்பது வழக்கமான விடை. ஆனால் சரக்கு மற்றும் சேவை வரியில் ஓர் எல்லைக்கோடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு ₹7,500 வரை வாடகை உள்ள அறைக்கு 5 சதவீத வரி. உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ₹7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். உள்ளீட்டு வரிச் சலுகை உண்டு. இது பலரும் அறிந்ததே.

அறிய வேண்டியது அடுத்த விதி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளபடி, ஒரு நிதியாண்டில் விடுதியின் ஏதேனும் ஓர் அறை ₹7,500-க்கு மேல் விற்கப்பட்டிருந்தால், அடுத்த நிதியாண்டு முழுவதும் அவ்விடுதிக்குள் இயங்கும் உணவகம் 18 சதவீத வரிப் பிரிவில் வரும். இல்லையேல், தாமாக விருப்பம் தெரிவித்து மாறாதவரை, 5 சதவீதமே. அதாவது ஒரு நிகழ்ச்சி இரவில் ஓர் அறையை ₹9,000-க்கு விற்றதன் விளைவு, அடுத்த ஆண்டு நம் உணவகத்தில் சாப்பாடு உண்ணும் அக்கம்பக்கத்து அலுவலரின் ரசீதில் தெரியும். ₹100 சாப்பாட்டிற்கு ₹105 கொடுத்தவர் ₹118 கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளீட்டு வரிச் சலுகை கிடைப்பதால் நட்டம் ஓரளவு ஈடுகட்டப்படலாம். ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அச்சலுகை தெரியாது.

உயர்த்தக் கூடாது என்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் ₹7,000-க்குப் பதில் ₹9,000 வாங்கினால் ஆண்டில் ₹20 லட்சம் கூடுதலாக வரும். உணவக வருமானத்தில் ஏற்படும் விளைவை அதனோடு ஒப்பிட்டு, கணக்கரைக் கலந்து, தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே கருத்து.

பிற ஊர்களின் அனுபவம்

லண்டனில் செல்சி கால்பந்துச் சங்கத்தின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அரங்கை ஒட்டி, 1990-களின் இறுதியில் விடுதிகளும் உணவகங்களும் கொண்ட 'செல்சி வில்லேஜ்' எழுப்பப்பட்டது. இதற்கும் அரங்க விரிவாக்கத்திற்குமாக 1997-இல் 7.5 கோடி பவுண்டு கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. லண்டனின் வசதி மிக்க பகுதி, புகழ்பெற்ற அணி என எல்லாம் இருந்தும், கடன் சுமை அழுத்திய நிலையிலேயே 2003-இல் சங்கம் ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச்சிடம் கைமாறியது.

மான்செஸ்டரில் ஓல்டு டிராஃபோர்டு அரங்கின் எதிரே, முன்னாள் வீரர்கள் கேரி நெவில், ரையான் கிக்ஸ் முதலானோர் 2015-இல் 'ஹோட்டல் ஃபுட்பால்' என்ற விடுதியைத் திறந்தனர். சுமார் 75,000 பேர் அமரும் அரங்கிற்கு எதிரே அவர்கள் அமைத்தவை 133 அறைகளே. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில்கூட ஓர் அணிக்குச் சொந்த ஊரில் 19 லீக் ஆட்டங்கள்தாம். ஆகவே மாடியில் சிறு கால்பந்துத் திடல், கூட்ட அரங்குகள், விருந்துக் கூடம் என்று ஆட்டமில்லா நாள்களுக்கான வருவாய் வழிகளையும் சேர்த்தே கட்டினார்கள்.

நம்மூர் எடுத்துக்காட்டு சென்னை. ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கைச் சுற்றிப் பெரியமேட்டில் விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் வாடிக்கையாளர் சென்னையின் எஃப்.சி. ரசிகர் அல்லர், சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கும் பயணியே. அரங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறைகளுக்கு ஆள் உண்டு.

நெருலின் மற்ற 340 இரவுகள்

இதுவரை எச்சரிக்கையாகவே எழுதினோம். நெருலுக்குச் சாதகமானவற்றையும் சொல்வது கடமை. நிலையான நான்கு அறைகளை எங்கே தேடுவது என்பதற்கு அவ்வூரில் விடைகள் உள்ளன.

முதலாவது, அரங்கை அடுத்தே உள்ள மருத்துவமனையும் பல்கலைக்கழகமும். நோயாளிகளின் உறவினர், மாணவர் சேர்க்கைக்கு வரும் பெற்றோர், தேர்வாளர்கள், கருத்தரங்கிற்கு வருவோர் ஆகியோர் ஆண்டு முழுவதும் வருவர். இவர்கள் ₹7,000 கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஒரு வாரம் தங்குவார்கள். இரண்டாவது, வாஷியின் வேளாண் விளைபொருள் மொத்தச் சந்தையும் சிட்கோ கண்காட்சி மையமும். மூன்றாவது, ஐரோலி, கன்சோலி பகுதியின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள். நான்காவது, நவா சேவா துறைமுகத்தைச் சார்ந்த சரக்குப் போக்குவரத்துத் தொழில்.

இவற்றோடு அண்மையில் சேர்ந்த மாற்றங்கள் பெரியவை. 2024 ஜனவரியில் அடல் சேது கடற்பாலம் திறக்கப்பட்டது. அதே மாதம் உரண் வரை ரயில் பாதை முழுமை பெற்றது. நவி மும்பை பன்னாட்டு விமான நிலையம் 2025 அக்டோபர் 8 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் பயணிகள் விமானங்கள் இயங்குகின்றன. அதிகாலை விமானத்திற்காக முந்திய இரவு தங்குபவர், விமானப் பணியாளர், நிறுவன அலுவலர் ஆகியோர் ஆட்டம் இல்லாத நாள்களிலும் வருவார்கள். விமான நிலையத்தைப் பார்த்துப் புதிய விடுதிகளும் எழும் என்பதையும் உடன் எண்ண வேண்டும். நாம் கண்ட வாய்ப்பை மற்றவர்களும் கண்டிருப்பார்கள்.

சாப்பாட்டு ஹோட்டலுக்கும் இதே கணக்கா?

தமிழில் 'ஹோட்டல்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடையே. நம் வாடிக்கையாளர் பலருக்கு அதுவே கைவந்த தொழில். மாட்டுங்கா ரயில் நிலையத்தின் எதிரே 1942 முதல் நடைபெறும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங், கிங்ஸ் சர்க்கிளின் கஃபே மெட்ராஸ் போன்றவை எந்த விளையாட்டரங்கையும் நம்பி வளரவில்லை. கல்லூரி மாணவர், அலுவலகம் செல்வோர், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் என்று நாள்தோறும் வருபவர்களே அவற்றின் மூலதனம்.

அரங்கின் அருகே உணவகம் நடத்துவதில் விடுதிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: ஒரே இருக்கையை ஒரே மாலையில் நான்கு முறை விற்கலாம். விடுதிக்கு இல்லாத ஓர் இடரும் உண்டு. ஆட்டம் மாலை 7.30-க்கு என்றால் கூட்டம் 5 முதல் 7 மணி வரை மட்டும் வரும். அதற்கான மாவை முந்திய நாளே அரைக்க வேண்டும். ஆட்டம் மாறினால் விற்காத அறையாவது நாளைக்கும் அப்படியே இருக்கும். புளித்த மாவு நாளைக்கு உதவாது. பெரிய நிகழ்ச்சி நாள்களில் போக்குவரத்துக் காவல்துறை சாலைகளைத் திருப்பிவிடுவதால் வழக்கமான வாடிக்கையாளர் கடைக்கு வர முடியாமற் போவதும் உண்டு.

சிறிய அளவில் தொடங்க விரும்புவோர் இரண்டு வழிகளை நினைவில் கொள்ளலாம். தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து நகரெங்கும் கொண்டு சென்று விற்கும் தொழில் பல்லாண்டுகளாக நடக்கிறது. அத்தகைய தொழிலருக்கு முத்ரா திட்டத்தில் ₹10 லட்சம் வரை கடன் உண்டு. 'தருண்' பிரிவில் முன்பு பெற்ற கடனை முறையாக அடைத்தவருக்கு ₹20 லட்சம் வரை கிடைக்கும். தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் ₹15,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. நிலையான செலவு குறைவான இத்தொழில்களுக்குத் திருவிழாக் கூட்டம் முழுப் பயன் தரும்.

வங்கிக்கு வருமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

விடுதிக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர், கீழ்க்காணும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை தயாரித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

1. அரங்கில் ஒரு நிகழ்ச்சியும் நடக்காத ஆண்டிலும் தவணை கட்ட முடியுமா? முடியாதெனில் எத்தனை அறைகள் குறைகின்றன?

2. ஆண்டு முழுவதும் அறை எடுக்கும் மருத்துவமனை, கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம் ஏதேனும் எழுத்தில் உறுதி தந்துள்ளதா? வாய்மொழியான "பார்க்கலாம்" கணக்கில் சேராது.

3. மனையின் நிலை என்ன? நவி மும்பையில் பெரும்பாலான மனைகள் சிட்கோவின் குத்தகை நிலங்கள். அடமானம் வைக்கவும் பெயர் மாற்றவும் சிட்கோவின் இசைவு தேவை. குத்தகைக் காலத்தில் எஞ்சியிருப்பது எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்ன என்பவற்றை முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டும்.

4. தீயணைப்புத் துறைச் சான்று, மாநகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம் உள்ளனவா? வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழி அறிவிக்கும் ஏற்பாடு உண்டா?

5. கட்டுமான காலத்திற்கும் தொடக்க மாதங்களுக்கும் தவணை விடுப்பு எவ்வளவு வேண்டும்? மழைக்காலத்தில் திறந்தால் முதல் நான்கு மாதங்களை எதைக் கொண்டு நடத்துவீர்கள்?

6. ஈடு எது? ₹10 கோடி வரையிலான குறு, சிறு நிறுவனக் கடன்களுக்கு, தகுதியுடையவர் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத் திட்டத்தின்கீழ் ஈடு இன்றியும் விண்ணப்பிக்கலாம். உத்தரவாதக் கட்டணம் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைக் கொண்டுவருபவர் பலர்.

ஆறாவது கேள்வியே எல்லாவற்றிலும் கனமானது. செம்பூரில் முப்பது ஆண்டு உழைப்பில் வாங்கிய இரண்டு படுக்கையறை வீட்டை, நெருலில் ஆண்டுக்கு 25 இரவுகளை நம்பி ஈடு வைப்பதா என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். விடுதி நட்டமடைந்தால் விற்றுவிடலாம். வீடு போனால் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் பத்தி இல்லை.

நிறைவாக

விளையாட்டரங்கை ஒட்டிய விடுதி நல்ல தொழிலா என்று ஒரு சொல்லில் விடை கேட்டால், ஆட்டம் இல்லாத நாளில் நல்ல தொழிலாக இருப்பது ஆட்டம் உள்ள நாளில் இன்னும் நல்ல தொழிலாகும் என்பதே விடை. இடம் பார்க்கப் போகும் வாடிக்கையாளர், விளக்குகள் எரியும் ஆட்ட நாளில் போகவேண்டாம். ஜூலை மாதத்தில் மழை கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் போய், அத்தெருவில் உள்ள விடுதிகளின் வரவேற்பறையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நிற்பவர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். மற்றக் கணக்கைச் சேர்ந்து போடலாம்.